போதை போனால் வலியும் போகுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது, சர்க்கரை நோய் வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கொஞ்ச காலமாக இரவானால் இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். தூக்கம் வராமல் வளவில் நாற்காலியைப் போட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சிதான் கொஞ்சம் இதமாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடந்தே போன கால்கள் அவை, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கனடாவில் இருக்கும் எங்கள் அத்தான் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, சிபிடி எண்ணெய் கொடுத்துப் பாருங்கள், கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதுதான், ஆனால் போதை கிடையாது, வலி மட்டும் போகும் என்றார். அடுத்த முறை வரும்போது வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கேயே ஆன்லைனிலும் விற்கிறார்களாம். கொடுக்கலாமா? போதையை நீக்கிவிட்டு வலி நிவாரணத்தை மட்டும் எடுப்பது அவ்வளவு கஷ்டமா? செடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் மருந்துக் கம்பெனிகள் இதை அமுக்கி வைத்திருக்கின்றன என்று படித்தேன். உண்மையா? இந்தத் துறையில் நான் ஆராய்ச்சி செய்ய வழி இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் அண்ணே.)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அப்பத்தா விஷயம். அந்த எண்ணெய் வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்குள் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி என்ற பொருள். ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-இல் இஸ்ரேலில் அதைத் தூய வடிவில் பிரித்து அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் 24 வருடம் ஆனது. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டின் ஆய்வுக்கூடம் அந்த ஏற்பியைக் கண்டது, இன்று அதற்கு சிபி1 என்று பெயர். மூளையில் ஞாபகம், உடல் சமநிலை, நேர உணர்வு இவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் இது அடர்த்தியாக இருக்கிறது, போதை அங்கேதான் உண்டாகிறது. அதே ஏற்பி தோலிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளிலும் இருக்கிறது. வலியைக் குறைப்பதும் அதுதான், தலையைச் சுற்ற வைப்பதும் அதுதான். பழைய வீடுகளில் ஒரே சுவிட்சைப் போட்டால் முகப்பு விளக்கும் வளவு விளக்கும் சேர்ந்து எரியுமே, அப்படி.

இப்போது சிபிடிக்கு வாருங்கள். அது போதை தராததற்குக் காரணம், அது சிபி1 ஏற்பியைத் தூண்டுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படியானால் டிஹெச்சி எந்த வழியில் வலியைக் குறைக்கிறதோ அந்த வழியும் சிபிடிக்கு இல்லை. இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. ‘போதை நீக்கிய கஞ்சா’ என்று கேட்டதும், போதை போய் மருந்துக் குணம் மட்டும் தங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிபிடி வேறொரு பொருள், அதற்கு வேலை செய்யும் வேறு இடங்கள் உண்டு. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது, 2018-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். வலிக்கு அப்படி ஒரு நிரூபணம் இல்லை. டென்மார்க்கில் கை மூட்டுத் தேய்மானமும் சொரியாசிஸ் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், வெற்று மாத்திரைக்கும் சிபிடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் ‘போதையை நீக்குவது அவ்வளவு கஷ்டமா’ என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். போதை இல்லாத மருந்துகளை ஏற்கெனவே பலமுறை செய்துவிட்டார்கள். அவை மனிதர்களில் வலியைக் குறைக்கவில்லை, சிக்கல் அங்கேதான்.

கதை நீளமானது, ஆனால் வேதியியல் படிக்கிறவர் நீங்கள், தெரிந்திருக்க வேண்டும். 1993-இல் சிபி2 என்ற இரண்டாவது ஏற்பி தெரியவந்தது. அது பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் இருப்பது, மூளையில் மிகக் குறைவு. ஆகா, இதை மட்டும் தூண்டினால் போதாதா என்று எல்லோரும் ஓடினார்கள். எலிகளில் பிரமாதமாக இருந்தது. கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் கம்பெனி தன் மருந்தைக் கடைவாய்ப்பல் பிடுங்கிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சாதாரண ஐபுப்ரோஃபென் கேட்டது, புது மருந்து கேட்கவில்லை. எலை லில்லியின் மருந்து முழங்கால் தேய்மானத்தில் தோற்றது.

இன்னொரு வழியும் உண்டு. நம் உடம்பே கஞ்சாப் பொருளைப் போன்ற ஒன்றைச் சுரக்கிறது, அனந்தமைடு என்று பெயர், 1992-இல் கண்டுபிடித்தார்கள். எஃப்ஏஏஹெச் என்ற நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுத்தால் உடம்பின் சொந்த வலி நிவாரணி கூடும், அது எங்கே தேவையோ அங்கே மட்டும் கூடும், போதையும் வராது. கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! ஃபைசர் கம்பெனியின் மருந்து நொதியை 96 சதவீதத்துக்கு மேல் அடக்கியது, அனந்தமைடு கூடியது, போதை இல்லை, எல்லாம் திட்டப்படி. முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. அதே சோதனையில் நப்ராக்சன் என்ற பழைய வலி மாத்திரை கொடுத்தவர்களுக்குக் குறைந்தது, ஆகவே சோதனையில் கோளாறு என்றும் சொல்ல முடியாது. அது 2012. அப்புறம் 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரத்தில், வேறொரு கம்பெனி இதே நொதியைத் தடுக்கும் தன் மருந்தை ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது 6 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவர் இறந்துபோனார். அந்த மூலக்கூறு குறிவைத்த நொதியோடு நிற்காமல் வேறு பல நொதிகளையும் போய்ப் பிடித்தது என்று பின்னால் காட்டினார்கள். புதிதாக ஒன்றைச் செய்வது என்றால் மனித உயிர் பணயமாகும் இடமும் அதில் உண்டு என்பதை நான் எழுதாமல் விட முடியாது.

மூன்றாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை. சிபி1 ஏற்பியையே தூண்டுவோம், ஆனால் மருந்து மூளைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வோம் என்பது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ரோகிணி குனரின் குழு 2007-இல் ஒரு வேலை செய்தது: வலி நரம்புகளில் மட்டும் சிபி1 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள், மூளையில் அது அப்படியே இருந்தது. அந்த எலிகளில் கஞ்சா வகை மருந்துகளின் வலி நிவாரணம் பெருமளவு போய்விட்டது. அப்படியென்றால் வேலையின் பெரும்பகுதி மூளைக்கு வெளியேதான் நடக்கிறது! அஸ்ட்ராஜெனெகா இதை நம்பி ஒரு மருந்து செய்தது. அது வலியையும் குறைக்கவில்லை, கொஞ்சம் மூளைக்குள்ளும் கசிந்து லேசான போதைக் குணம் காட்டியது.

சரி, 2025-க்கு வருவோம். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து அந்த வருடம் மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் விஐபி36 என்ற மூலக்கூறைப் பற்றி எழுதின. சிபி1 ஏற்பிக்குள் சில கணம் மட்டும் திறந்து மூடும் ஒரு மறைவான குழி இருப்பதைக் கணினி மாதிரிகளில் கண்டு, அதில் போய் உட்காரும்படி நேர்மின்னேற்றம் உள்ள ஒரு பகுதியை மூலக்கூறில் சேர்த்தார்கள். மின்னேற்றம் உள்ள பொருள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் கடக்காது. ஆக ஒரே மாற்றத்தில் இரண்டு பலன்: மருந்து மூளைக்கு வெளியே நிற்கிறது, ஏற்பியையும் வேறு விதமாகத் தூண்டுவதால், தொடர்ந்து கொடுத்தும் பலன் மங்கிப்போகவில்லை. கஞ்சா வகை மருந்துகளில் உடம்பு பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போவது பெரிய தலைவலி, அதனால் இந்த இரண்டாவது பலனை நான் முதலாவதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நரம்புக் காய வலி, ஒற்றைத் தலைவலி இரண்டின் மாதிரிகளிலும் வேலை செய்தது. ஆனால் எல்லாம் எலிகளில். எலி தன் கால் எரிகிறது என்று சொல்லாது. காலைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறதா என்றுதான் பார்க்க முடியும். உங்கள் அப்பத்தா இரவெல்லாம் படுகிற எரிச்சலும் அந்தக் கால் இழுப்பும் ஒன்று இல்லை, இத்தனை மருந்துகள் எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. சிபி1 ஈரலிலும் இருக்கிறது, அங்கே அதைத் தூண்டினால் கொழுப்பு உற்பத்தி கூடுகிறது என்று எலி ஆய்வுகள் உண்டு. மூளைக்குப் போகாவிட்டாலும் ஈரலுக்குப் போகுமே. இந்த வகை மருந்து எப்போதாவது மனிதருக்கு வந்தால் இதைத் தனியாகச் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும்.

கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்பதற்கு மேலே சொன்ன பெயர்களே பதில். செடிக்குக் காப்புரிமை கிடைக்காதுதான், ஆனால் இவை எல்லாம் ஆய்வுக்கூடத்தில் செய்த புது மூலக்கூறுகள், ஒன்று ஜெயித்திருந்தாலும் அவர்களுக்குக் கொள்ளை லாபம். ஜெயிக்கவில்லை, தோற்றதையும் ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள், அதனால்தான் நம்மால் பேச முடிகிறது. இத்தனை தோல்விக்குப் பிறகு கம்பெனிகள் பணம் போடத் தயங்கும். அதனால் இது பல்கலைக்கழகங்களிலும் பொதுப்பணத்திலும்தான் வளர வேண்டும் என்பது என் கருத்து. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, அந்த மாதிரிப் பணம்தான் இதற்கும் வேண்டும்.

டிஹெச்சி சேர்ந்த மருந்துகளாவது கேட்குமா என்று அத்தான் அடுத்துக் கேட்பார். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலி பற்றிய 104 ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 24 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு வலி 30 சதவீதம் குறைகிறது, 6 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது. 78 வயதில் தலைசுற்றி வளவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2021-இல் வலிக்குக் கஞ்சாப் பொருள்களைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஆன்லைனில் வாங்குவதில் இன்னொரு ஆபத்து, சீசாவில் என்ன இருக்கிறது என்பதே. அமெரிக்காவில் 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் டிஹெச்சி இருந்தது. நம் நாட்டில் ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு விற்பவற்றிலும் சிலவற்றில் டிஹெச்சி சேர்ந்தே வருகிறது. சிபிடி ஈரலில் மற்ற மருந்துகள் சிதைவதையும் தடுக்கும். அப்பத்தா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் அது நேரடி ஆபத்து. அத்தானிடம் பையில் போட்டு எடுத்துவர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், டிஹெச்சி கலந்திருந்தால் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

அப்பத்தாவுக்கு இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. மாத்திரைச் சீட்டில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பல வருடமாக இருக்கிறதா பாருங்கள். அது நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கும், பி12 குறைந்தாலும் இதே மாதிரிக் கால் எரியும், மதமதக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைவு என்றால் சரிசெய்யக் கூடியது. டுலோக்செடின், ப்ரீகாபலின் போன்றவை நரம்பு எரிச்சலுக்கு என்றே உள்ள மாத்திரைகள், வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக் குறைந்த அளவில் டாக்டர் தொடங்குவார். ஐபுப்ரோஃபென் மாதிரிச் சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குப் பெரும்பாலும் கேட்காது, சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஊரில் யாராவது வெந்நீரில் காலை வைக்கச் சொன்னால் வேண்டவே வேண்டாம், உணர்வு குறைந்த பாதம் வெந்துபோனாலும் தெரியாது. பிள்ளையார்பட்டிக்குப் போனாலும் மத்தியானக் கல் சுடும்போது வெறுங்காலோடு சுற்றவிடாதீர்கள். தினமும் ஒரு முறை நீங்களே உட்கார்ந்து இரண்டு பாதத்தின் அடியையும், விரல் இடுக்கையும் பாருங்கள், அவர்களால் குனிந்து பார்க்க முடியாது. ராத்திரி கல் தரையில் கால் வைப்பதில் தப்பில்லை, தரையில் கூர்மையாக எதுவும் கிடக்காமல் இருந்தால் சரி.

மூளைக்குப் போகாமல் நரம்பு நுனியிலேயே வேலை செய்யும் மருந்து ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நம் சமையலறையிலிருந்தே வந்தது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் 8 சதவீதம் உள்ள ஒட்டுப் பட்டையை, சர்க்கரை நோயால் வரும் பாத நரம்பு வலிக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மருத்துவமனையில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். தயவுசெய்து யாரும் மிளகாயை அரைத்துக் காலில் தடவிவிடாதீர்கள், புண்ணாகிவிடும். 2025 ஜனவரியில் அங்கேயே அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் மாத்திரையும், பெரும்பாலும் வலி நரம்புகளில் மட்டும் இருக்கும், வலிச் செய்தி கிளம்பச் சோடியம் நுழையும் ஒரு வாயிலை அடைப்பதுதான். இப்போதைக்கு அது திடீர் வலிக்கு மட்டும், சர்க்கரை நரம்பு வலிக்குச் சோதனை நடக்கிறது. மூளைக்கு வெளியே வைத்து வலியை அடக்க முடியும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி, கஞ்சா வகை மருந்துக்கும் இந்தக் கதவு திறக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

உங்கள் படிப்புக்கு வருகிறேன். விஐபி36 கதையில் தீர்வைக் கொண்டுவந்தது ஒரு மின்னேற்றம் உள்ள தொகுதியை எங்கே வைப்பது என்ற கேள்வி, அதாவது உங்கள் பாடம். மருந்து வேதியியலும் கணினி வழி மூலக்கூறு மாதிரியாக்கமும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஜம்முவில் உள்ள, சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பின் ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனத்தில் கஞ்சாப் பொருள்களை மருந்தாக்கும் ஆராய்ச்சி முறையான உரிமத்தோடு நடக்கிறது, முனைவர் பட்டத்துக்கு அங்கே சேர சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுத வேண்டும். தேர்வு முடிந்ததும் எழுதுங்கள், எந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம். அதற்கு முன்னால் அந்த பி12 பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.