கேட்டால் மட்டும் வருமா? ப்ராடக்ட் மேனேஜ்மென்ட், பாட்காஸ்ட்: கேள்வி பதில்

ஒன்பது வருடமாக சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் கீழக்கரை வீட்டிலிருந்துதான் வேலை. பாட்காஸ்ட் கேட்டே இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று நம் கரையோர ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணே, ப்ராடக்ட் மேனேஜர் என்றால் என்ன வேலை? ஐடிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததா? (தொண்டி, பி.காம். மாணவர்)

எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுத்து, அதன் பலனுக்குப் பொறுப்பேற்கிற வேலை தம்பி. ஐடி கண்டுபிடித்ததில்லை, சோப்புக் கம்பெனி கண்டுபிடித்தது. 1931-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்எல்ராய். அதே கம்பெனியின் ஐவரி சோப்போடு மல்லுக்கட்டியே அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒவ்வொரு சோப்புக்கும் முழுப் பொறுப்பாகத் தனி ஆட்கள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். வேர் அங்கே இருக்கிறது. அவர் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானது தனிக்கதை.

லென்னியின் பாட்காஸ்ட் அறுபது எபிசோட் கேட்டுவிட்டேன். வார்த்தைகள் வாயில் வருகின்றன, வேலை கைக்கு வரவில்லை. எங்கே தப்பு? (மண்டபம், டெஸ்டிங் வேலையில் இருப்பவர்)

கேட்டது தப்பில்லை, நிறுத்தாமல் கேட்டதுதான் தப்பு. ப்ராடக்ட் ஆட்களைப் பேட்டி எடுக்கிற இந்த லென்னி ரசிட்ஸ்கி, தங்க இடம் பிடித்துத் தருகிற ஏர்பிஎன்பி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கேள்வி கேட்கத் தெரிந்தவர். விருந்தாளி வாயிலிருந்து சிக்கலை முதலில் வரவழைப்பார், தீர்வு பிறகுதான் வரும். "பாதிப் பேர் பதிவு செய்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை" என்று விருந்தாளி சொன்னதும் நிறுத்திவிடுங்கள். நானாக இருந்தால் என்ன செய்வேன், ஏன், எதைப் பார்த்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வேன்? மூன்று வரி எழுதிவிட்டு மேலே கேளுங்கள். உங்கள் வரியும் அவர் செய்ததும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் படிக்க விஷயம் இருக்கிறது. இப்படிக் கேட்டால் ஒரு மணி நேர எபிசோடுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அறுபது வேண்டாம், ஆறு போதும்.

இன்னொன்று. மீன்பாடு கிடைத்தவர்தான் கரையில் நின்று கதை சொல்வார். வெறும் வலையோடு வந்தவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். பாட்காஸ்டுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் பாடு கிடைத்தவர்கள். அதே முடிவை எடுத்து மூழ்கியவர் குரல் நமக்குக் கேட்காது. அதனால் விருந்தாளி என்ன செய்தார் என்பதோடு, அப்போது அவர் கையில் எத்தனை ஆள், எவ்வளவு பணம், எத்தனை பயனாளர்கள் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா எபிசோடிலும் ஏ/பி டெஸ்ட் என்கிறார்கள். எங்கள் கருவாட்டுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் 200 வாடிக்கையாளர்கள். நாங்களும் செய்யலாமா? (பாம்பன்)

வேண்டாம். வாடிக்கையாளரை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஆளுக்கொரு வடிவம் காட்டி எது மேல் என்று பார்ப்பதுதான் ஏ/பி டெஸ்ட். நூற்றுக்கு 5 பேர் வாங்கியது 6 ஆகியிருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 8,000 பேர் வேண்டும். உங்களிடம் இருப்பது 200. பத்துப் பேருக்கு போன் போட்டுப் பேசினால் அதைவிட அதிகம் தெரியும்.

எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க உங்களுக்கு உதவுகிற கணக்கு ஒன்று உண்டு. இன்டர்காம் நிறுவனத்தில் பிறந்த ரைஸ். எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பலன் தரும், நமக்கு எவ்வளவு நிச்சயம் என்ற மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். வாரா வாரம் வாட்ஸ்அப்பில் படத்தோடு விலைப்பட்டியல் போடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 200 பேர், பலன் 1, நிச்சயம் 80 சதவீதம், உழைப்பு அரை மாதம் என்றால் 320. தனியாக வெப்சைட் கட்டுவதற்கு 50 பேர், பலன் 2, நிச்சயம் 50 சதவீதம், உழைப்பு இரண்டு மாதம் என்றால் 25. எண்கள் எல்லாம் நம் ஊகம்தான். ஆனாலும் அப்பாவும் மகனும் சண்டை போடாமல் உட்கார்ந்து பேச ஒரு தாள் கிடைக்கும்.

ஆங்கிலம் வேகமாகப் போகிறது, பிடிபடவில்லை. (ராமேஸ்வரம், கல்லூரி மாணவி)

எழுத்து வடிவம் கிடைத்தால் முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள். வேகத்தை 0.8-க்குக் குறைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் முதல் வருடம் அப்படித்தான் கேட்டேன்.

வாடிக்கையாளரிடம் பேசக் கற்றுக்கொள்ள எதைக் கேட்பது? (தங்கச்சிமடம், மீனவர் வீட்டுப் பிள்ளை, டிப்ளமோ)

ப்ராடக்ட் ஆட்களுக்குப் பயிற்சி தருகிற தெரசா டோரஸ் பேசியதைத் தேடிக் கேளுங்கள். வாரம் ஒரு முறையாவது வாடிக்கையாளரிடம் பேச வேண்டும் என்று விடாமல் சொல்கிறவர். இதைக் கேட்பதற்கு முன்னால் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, பக்கத்துக் கரைகளின் மீன் விலையைக் காட்டுகிற ஒரு சின்ன ஆப் செய்தேன். நாட்டுப்படகுக்காரர்கள் பன்னிரண்டு பேரிடம் காட்டி, "இது இருந்தால் பயன்படுத்துவீங்களா அண்ணே?" என்று கேட்டேன். எல்லோரும் "நல்லாருக்கு தம்பி" என்றார்கள். டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் திறந்தவர் இரண்டு பேர், அதில் ஒருவர் என் மாமா.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அவர்களில் பலர் வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். முன்பணம் கொடுத்தவருக்குத்தான் மீன் போட வேண்டும். அடுத்த கரையில் கிலோவுக்கு 40 ரூபாய் கூட என்று தெரிந்து அவர்கள் என்ன செய்வார்கள், வயிறெரிவதைத் தவிர? "போன வாரம் பிடித்த மீனை யாருக்குப் போட்டீங்க, ஏன் அவருக்கு?" என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். "செய்வீங்களா" என்று கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும். "போன தடவை என்ன செய்தீங்க" என்று கேட்டால் நடந்தது வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், எங்கள் விசைப்படகு கரையில்தான். அந்த 61 நாளில் என்ன கேட்கலாம்? (படகு உரிமையாளர் மகன்)

வலை பின்னும்போது கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். நல்ல நேரம் அது. வாரம் ஒரு எபிசோட் போதும். முதல் மூன்று வாரம் வாடிக்கையாளரிடம் பேசுவது, அடுத்த மூன்று வாரம் எதை முதலில் செய்வது என்று தேர்ந்தெடுப்பது, மிச்சம் விலை வைப்பது. 'அக்வயர்ட்' மாதிரி மூன்று நான்கு மணி நேரம் ஓடுகிற கம்பெனி வரலாறுகளும் உண்டு. சுவையானவை, நானும் ரசித்துக் கேட்பேன். ஆனால் வேலை கற்றுக்கொள்ள அங்கே போகாதீர்கள்.

வேலை அனுபவம் இல்லை. நேர்முகத்தில் எதைக் காட்டுவது? (பரமக்குடியில் படிக்கும் மாணவி, ஊர் தேவிபட்டினம்)

கேட்ட பாட்காஸ்ட் பட்டியலை மட்டும் காட்டாதீர்கள். ஒரு ஆப்பை எடுத்து அலசி நான்கு பக்கம் எழுதுங்கள். எல்லோரும் ஸ்விக்கியை எடுப்பார்கள். நீங்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப்பை எடுங்கள். தமிழிலேயே இருக்கிறது. காற்று, அலை உயரம், மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற மீன் இருப்பு இடங்கள், கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை. நாலு படகுக்காரர்களிடம் போய், கடைசியாக எப்போது திறந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெங்களூருவில் உட்கார்ந்திருக்கிற போட்டியாளருக்கு அந்த நாலு பேர் கிடைக்க மாட்டார்கள்.

தமிழில் ஒன்றும் இல்லையா? (உச்சிப்புளி)

இந்தத் துறைக்கென்று நான் விடாமல் கேட்கிற அளவுக்குத் தமிழில் ஒன்று இன்னும் அமையவில்லை. ஆனால் பாம்பனிலிருந்து ஒலிக்கிற கடல் ஓசை 90.4-ஐ ஒரு வாரம் ப்ராடக்ட் மேனேஜர் காதோடு கேட்டுப் பாருங்கள். மீனவருக்கென்றே நடக்கிற சமுதாய வானொலி. எந்த நேரத்தில் எதைச் சொல்கிறார்கள், எதை மறுபடி சொல்கிறார்கள், யாரைப் பேச வைக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். கேட்கிறவர் யார் என்று தெரிந்து செய்வது எப்படி என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் பாடம் இல்லை.

வள்ளத்தில் போகும்போது கேட்கலாமா அண்ணே? (அதே படகு உரிமையாளர் மகன்)

கரையிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கொஞ்ச தூரம் போனால் சிக்னல் போய்விடும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் லென்னி சொல்ல மாட்டார்.