எட்சியிலும் விற்கிறேன், இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன்: எந்த மாநிலத்துக்கு சேல்ஸ் டாக்ஸ்?

கேள்வி: நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாகக் காஞ்சிபுரம், சென்னையிலிருந்து சேலைகளும் டெம்பிள் ஜுவல்லரியும் வரவழைத்து விற்கிறேன். பாதி விற்பனை எட்சி என்ற ஆன்லைன் சந்தையில். மீதி இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குரூப், என்னுடைய ஷாப்பிஃபை தளம். வாங்குபவர்கள் பதினைந்து மாநிலங்களில் இருக்கிறார்கள். வருட விற்பனை 50,000 டாலரைத் தொடும். எல்லா மாநிலத்திலும் பதிவு செய்து வரி தாக்கல் செய்ய வேண்டும் என்கிறார் ஒரு தோழி. எட்சியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். நான் இதுவரை எங்கும் பதிவு செய்யவில்லை. என்ன செய்வது?

பதில்: பதினைந்து மாநிலங்களில் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நியூ ஜெர்சியில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அதுவும் தாமதமாகிவிட்டது. எட்சி பார்த்துக்கொள்வது எட்சியில் நடக்கும் விற்பனையை மட்டும்தான்.

முதல் தோழியின் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2018 ஜூன் வரை, ஒரு மாநிலத்தில் உங்களுக்குக் கடையோ ஆளோ சரக்கோ இல்லையென்றால், அந்த மாநிலம் உங்களை சேல்ஸ் டாக்ஸ் வசூலிக்கச் சொல்ல முடியாது. சவுத் டகோட்டா மாநிலம் வேஃபேர் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இப்போது ஒரு மாநிலத்துக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றாலே அங்கே வரி வசூலிக்கும் பொறுப்பு வந்துவிடும். சேல்ஸ் டாக்ஸ் உள்ள மாநிலங்கள் எல்லாமே இந்த அளவை வைத்துவிட்டன. அளவைத் தாண்டாதவரை, அங்கே உங்களுக்குச் சொந்தமாக எதுவும் இல்லாதவரை, அந்த மாநிலத்தோடு உங்களுக்கு வேலை இல்லை.

டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் அந்த அளவு 5 லட்சம் டாலர். பென்சில்வேனியாவில் 1 லட்சம். நியூயார்க்கில் 5 லட்சம் டாலரும் 100 பரிவர்த்தனைகளும் சேர்ந்தே தாண்ட வேண்டும். உங்கள் மொத்த விற்பனையே 50,000 என்பதால் டாலர் கணக்கில் எங்கேயும் மாட்டமாட்டீர்கள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. சில மாநிலங்களில் 1 லட்சம் டாலர் அல்லது 200 பரிவர்த்தனைகள் என்று இருக்கிறது, இரண்டில் எது முதலில் வந்தாலும் சரி. சவுத் டகோட்டாவே 2023இல் இந்த 200 கணக்கை எடுத்துவிட்டது, வேறு பல மாநிலங்களும் எடுத்துவிட்டன. ஆனால் ஜார்ஜியாவும் வர்ஜீனியாவும் அதை வைத்திருந்த மாநிலங்கள். ஜார்ஜியாவில் அட்லாண்டா பக்கமும் வர்ஜீனியாவில் ஆஷ்பர்ன் பக்கமும் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு நவராத்திரி சீசனில் 12 டாலர் ஜிமிக்கி 200 ஆர்டர் போனால் விற்பனை 2,400 டாலர்தான், ஆனால் எண்ணிக்கை தொட்டுவிடும். சேலை விற்பவர்களுக்கு வராத இந்தச் சிக்கல் ஜிமிக்கி விற்பவர்களுக்கு வரும். எட்சி வழியாகப் போன ஆர்டர்கள் அந்த எண்ணிக்கையில் சேருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் மாநில வாரியாக ஆர்டர் எண்ணிக்கையை ஒரு ஷீட்டில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஏதாவது ஒரு மாநிலம் 150ஐத் தாண்டினால் அந்த மாநில வரித்துறைத் தளத்தில் இன்றைய விதியைப் படித்துவிடுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

சரி, சொந்தமாக எதுவும் இல்லாதவரை என்றேனே, அது சரக்குக்கும் பொருந்தும். டல்லஸில் இருக்கும் தங்கை வீட்டில் ஐம்பது சேலையை வைத்து அங்கிருந்து அனுப்பச் சொன்னால், டெக்சஸில் உங்களுக்குச் சரக்கு இருக்கிறது. அங்கே 5 லட்சம் கணக்கெல்லாம் கிடையாது, முதல் டாலரிலிருந்தே பொறுப்பு. ஜூலை 4ஐ ஒட்டி ஃபெட்னா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை) விழா ஒவ்வொரு வருடம் ஒவ்வொரு ஊரில் நடக்கிறது, 2024இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் நடந்தது. அங்கே போய் ஸ்டால் போட்டாலும் இதே கதைதான். பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியாவில் தீபாவளி மேளாவுக்குப் போனாலும் அப்படித்தான். இப்படி வந்து போகிற வியாபாரிகளுக்குக் குறுகிய காலப் பதிவு தரும் மாநிலங்கள் உண்டு. ஸ்டாலுக்குப் பணம் கட்டும்போதே அமைப்பாளரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது எட்சி. சேல்ஸ் டாக்ஸ் உள்ள மாநிலங்களில் எட்சி, அமேசான், ஈபே போன்ற சந்தைத் தளங்கள்தான் வரியை வசூலித்து நேராக மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. ஷாப்பிஃபையில் நீங்கள் நடத்தும் சொந்தத் தளம் அப்படியல்ல. அது வரியைக் கணக்குப் போட்டுத் தரும், வாங்குபவரிடம் சேர்த்து வாங்கவும் செய்யும். ஆனால் அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், மாநிலத்துக்குக் கட்டுவது உங்கள் வேலை. இன்ஸ்டாகிராமில் மெசேஜ் போட்டு, ஜெல் (வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் அனுப்பும் வசதி) வழியாகப் பணம் வாங்கி, பார்சல் அனுப்பினால் நடுவில் யாருமே இல்லை. அது முழுக்க உங்கள் விற்பனை. சிறிய வியாபாரங்களில் நான் பார்க்கும் ஓட்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எட்சி அறிக்கை ஒழுங்காக இருக்கும், வாட்ஸ்அப்பில் விற்றது எந்தக் கணக்கிலும் இருக்காது.

நியூ ஜெர்சிக்கு வருவோம். அங்கே வரி 6.625 சதவீதம், பொதுவாக மாநிலம் முழுக்க ஒரே விகிதம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே உடைகளுக்கு சேல்ஸ் டாக்ஸ் இல்லை, சேலைக்கு நீங்கள் வரி வாங்க வேண்டாம். நகைக்கு உண்டு, கைப்பைக்கும் உண்டு. ஷாப்பிஃபையில் ஒவ்வொரு பொருளையும் சரியான வகையில் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். சேலையைப் பொதுவான பொருள் என்று விட்டிருந்தால் தேவையில்லாமல் வரி வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். தபால் செலவும் இதோடு போகும். நகைக்கு வாங்கும் ஷிப்பிங் கட்டணத்துக்கும் வரி உண்டு, சேலைக்கு வாங்குவதற்கு இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பினால் கட்டணத்தை விலை அல்லது எடை விகிதத்தில் பிரித்து பில்லில் காட்டுங்கள்.

பதிவு ஆன்லைனிலேயே முடிந்துவிடும், என்.ஜே-ரெக் என்ற படிவம். தொழில் தொடங்கிய தேதி கேட்கும். உண்மையான தேதியை, அதாவது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதியைப் போடுங்கள். இன்றைய தேதியைப் போட்டால் பழைய காலாண்டுகள் மறைந்துவிடாது. தாக்கல் செய்யாத காலாண்டுக்குக் காலவரம்பும் ஓடாது, எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம்.

அப்புறம் எஸ்.டி-50 என்ற காலாண்டுத் தாக்கல். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 20ஆம் தேதி கடைசி நாள். எப்படி நிரப்புவது என்பதற்கு ஒரு காலாண்டை எடுத்துக்கொள்வோம். எட்சியில் 6,000 டாலர், நேரடியாக நியூ ஜெர்சிக்காரர்களுக்கு விற்ற சேலை 4,000, நகை 1,200, மற்ற மாநிலங்களுக்கு நேரடியாக அனுப்பியது 2,800 என்று வையுங்கள். மொத்த விற்பனை 14,000 என்றுதான் காட்ட வேண்டும். எட்சி வரி கட்டிவிட்டது என்று அந்த 6,000ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்த வரியில் கழிவாக எட்சி விற்பனை, சேலை, வெளி மாநில விற்பனை மூன்றையும் சேர்த்து 12,800ஐக் கழிக்கிறீர்கள். மீதி 1,200. அதற்கு வரி 79 டாலர் 50 சென்ட். நீங்கள் பயந்த அளவுக்குப் பெரிய தொகை இல்லை, பார்த்தீர்களா?

வரியே இல்லாத காலாண்டிலும் தாக்கல் செய்தாக வேண்டும். ஊருக்குப் போயிருந்தேன், ஒன்றும் விற்கவில்லை என்றாலும் பூஜ்ஜியம் போட்டு அனுப்புங்கள். தாமதத்துக்கு, கட்ட வேண்டிய வரியில் மாதத்துக்கு 5 சதவீதம் (அதிகபட்சம் 25 சதவீதம்) என்பது போக, மாதத்துக்கு 100 டாலர் அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பதினைந்து மாநிலங்களிலும் பதிவு செய்துவிடுங்கள் என்ற யோசனையை நான் எதிர்ப்பதும் இதனால்தான். பதிவு செய்த ஒவ்வொரு மாநிலமும் உங்களிடமிருந்து தாக்கலை எதிர்பார்க்கும், ஒரு பைசா வரி இல்லாவிட்டாலும்.

பழைய ஆறு காலாண்டுகளுக்கும் தாக்கல் செய்து, நகைக்கான வரியை வட்டியோடு கட்டிவிடுங்கள். வாங்கியவர்களிடம் வசூலிக்கவில்லையே என்றால், அந்தத் தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும். அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களாகவே வந்திருப்பது உங்களுக்கு உதவும். தானாக முன்வருபவர்களுக்கென்று பல மாநிலங்களில் தனி ஒப்பந்த ஏற்பாடே இருக்கிறது. பொதுவாக, மாநிலம் கடிதம் அனுப்பிய பிறகு அது கிடைக்காது.

இதற்கிடையில் ஷாப்பிஃபை ஏற்கெனவே யாரிடமாவது வரி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் நான் மிகவும் கவலைப்படும் விஷயம். வரி என்று சொல்லி வாங்கிய பணம் மாநிலத்தின் பணம். பதிவில்லாமல் அதை வாங்குவதும், வாங்கிக் கட்டாமல் வைத்திருப்பதும் சாதாரணத் தாமதம் போன்றதல்ல, எல்.எல்.சி (உரிமையாளரின் பொறுப்பை வரம்புக்குள் வைக்கும் நிறுவனம்) வைத்திருந்தாலும் அது உங்கள் தலைக்கு நேராக வரும். பதிவு ஆகும்வரை தளத்தில் வரி வசூலை நிறுத்திவையுங்கள். அதற்கிடையில் விற்கும் நகைக்கான வரியை உங்கள் பணத்திலிருந்து ஒதுக்கிவிடுங்கள். பதிவான பிறகு வசூலாகும் வரியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்.

வருமான வரி இதிலிருந்து வேறு. உங்களுக்கு வந்த தொகையைக் காட்டும் 1099-கே படிவத்தை எட்சி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் லாபத்தை உங்கள் கூட்டாட்சித் தாக்கலிலும் நியூ ஜெர்சி தாக்கலிலும் காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) இருந்தால், வேலை அனுமதி அட்டை கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநில வரிப் பதிவு குடியேற்ற அனுமதி ஆகாது, இரண்டும் இரண்டு அரசு. அட்டை இல்லையென்றால் படிவம் எதையும் நிரப்புவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள், கணக்காளரிடம் அதற்குப் பிறகு போகலாம். அட்டை இருந்தால், ஆறு காலாண்டு ஜெல் ரசீதுகளையும் வாட்ஸ்அப் ஆர்டர்களையும் இந்த வாரமே எடுத்து வரிசைப்படுத்தத் தொடங்குங்கள். மொத்த வேலையில் நேரம் பிடிப்பது அது ஒன்றுதான்.