எம்.எஸ். இ.என்.டி.யா, டி.என்.பி.யா: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதியிருக்கிறேன். என் ரேங்குக்கு, வீட்டிலிருந்து தொலைவில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். இ.என்.டி. (காது-மூக்கு-தொண்டை மேற்படிப்பு) கிடைக்கும்போல் இருக்கிறது. அதை விட்டால் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதே துறையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் மேற்படிப்புப் பட்டம்) கிடைக்கும். எதை எடுக்கலாம்? மூன்று வருடத்தில் தனியாக ஆபரேஷன் செய்யத் தேறிவிட முடியுமா? அதன் பிறகு ஃபெலோஷிப் (ஓர் உட்பிரிவில் கூடுதல் பயிற்சி) கட்டாயமா?

பதில்: முதலில் டி.என்.பி. என்ற பெயரைப் பற்றிய தயக்கத்தை விட்டுவிடுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இரண்டுமே மூன்று வருடம்தான், இரண்டிலும் ஆய்வேடு உண்டு, பட்டமும் சமமானதாக ஏற்கப்படுகிறது. அரசு இடம் என்றால் பெரும்பாலும் பணி ஒப்பந்தம் இருக்கும். அதன் காலமும் தொகையும் அந்தந்த ஆண்டு கையேட்டில் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படித்துவிடுங்கள்.

உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அந்த மூன்று வருடத்தில் கருவி எத்தனை தடவை உங்கள் கைக்கு வரும்? எந்த சர்ஜரிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்றாலும் நம் துறையில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. வயிற்றைத் திறந்தால் மேஜையைச் சுற்றி நிற்கும் நாலு பேருக்கும் உள்ளே நடப்பது தெரியும். காதில் வேலை நடக்கும் இடமோ சுண்டுவிரல் கூட நுழையாத குழிக்குள், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில். அந்தக் காட்சியைக் காட்டும் மானிட்டர் தியேட்டரில் இல்லை என்றால், அசிஸ்ட் செய்யும் பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) நாள் முழுக்க நின்றும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார். மூக்குக்கு எண்டோஸ்கோப் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ பரவாயில்லை, எல்லோருமே திரையைப் பார்க்கலாம். ஆனாலும் பார்ப்பது வேறு, இடது கையில் ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வேலை செய்வது வேறு.

அதனால் அங்கே இப்போது படிக்கும் இரண்டாம், மூன்றாம் வருட பி.ஜி.க்களிடம் நேரில் பேசுங்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது காது அமைந்திருக்கும் டெம்போரல் எலும்பைக் குடைந்து பழகும் லேபைப் பற்றித்தான். லேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். எலும்பு கிடைக்கிறதா, டிரில் ஓடுகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடையும்போது மேலே மூளையுறை, பின்னால் சிக்மாய்டு ரத்தக்குழாய், உள்ளே முகநரம்பு என்று எந்தப் பக்கமும் கவனம் தவற முடியாது. நரம்பில் டிரில் பட்டால் நோயாளிக்கு முகம் கோணிவிடும், கண் மூடாது. அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை நடுக்காதில் உள்ள இன்கஸ் எலும்பின் குட்டை முனையையும் உட்காதின் பக்கவாட்டு அரைவட்டக் குழலையும் வைத்துத்தான் கணிக்கிறோம். அதன் அருகே போனதும் வெட்டும் டிரில் முனையான கட்டிங் பர்ரை மாற்றி, மெல்லத் தேய்க்கும் டைமண்ட் பர் போட வேண்டும், தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், நரம்பு ஓடும் திசையிலேயே குடைய வேண்டும். புத்தகத்தில் இது நாலு வரி. கைக்கு வர வேண்டுமென்றால் எலும்பு எலும்பாக லேபில் குடைந்தால்தான் உண்டு. உயிருள்ள ஒருவரின் காதில் வைத்துப் பழகும் விஷயமல்ல இது. லேப் சரியில்லாத இடத்தில் சேர நேர்ந்தால், வெளியே நடக்கும் டெம்போரல் எலும்புப் பயிற்சி முகாம்களுக்கு முதல் வருடத்திலிருந்தே பணமும் லீவும் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, சைனஸ் சர்ஜரிக்கு முன் சி.டி. படத்தை யூனிட்டில் உட்கார்ந்து பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். மூக்கின் கூரையில் உள்ள ஆல்ஃபாக்டரி பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம், கண்ணை ஒட்டிய மெல்லிய எலும்பான லாமினா பேப்பிரேசியா முழுசாக இருக்கிறதா, முன் எத்மாய்டு தமனி என்ற ரத்தக்குழாய் கூரையை விட்டுத் தொங்குகிறதா என்று பி.ஜி.யைச் சொல்லவைத்த பிறகே நோயாளியை மேஜைக்கு ஏற்றும் யூனிட் கிடைத்தால், அது பெரிய வரம்.

மூன்றாவது, ராத்திரி டியூட்டி. மூச்சுத் திணறி வருபவருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி தரும் டிரக்கியாஸ்டமி, குழந்தையின் மூச்சுக்குழாயில் மாட்டிய வேர்க்கடலை, தொண்டையில் நிற்கும் காசு. எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரிவது காசுதானா அல்லது ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும் பட்டன் பேட்டரியா என்று அந்த நேரத்தில் பி.ஜி.தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோக ஆரம்பித்துவிடும், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. இத்தகைய கேஸ்கள் வராத மருத்துவமனையில் மூன்று வருடம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் வெளியே வந்து தனியாக நிற்கும்போது அந்தக் குறை தெரியும்.

இந்த அளவுகோலில் பார்த்தால், கூட்டம் உள்ள அரசு மருத்துவமனைதான் பெரும்பாலும் முந்தும். சீழ் வடியும் காதுகள் இன்னும் அங்கேதான் வரிசையில் நிற்கின்றன. எம்.எஸ். படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலும் வேலை பார்க்க வேண்டும், அதையும் வீண் என்று நினைக்காதீர்கள். தனியார் மருத்துவமனையில் ‘நீங்களே செய்யுங்கள் டாக்டர்’ என்று நோயாளி பணம் கட்டியிருப்பார். அங்கே கத்தி பி.ஜி. கைக்கு வருவது கஷ்டம். அதற்காக டி.என்.பி. என்றாலே ஒதுக்கிவிட வேண்டாம். கருவி இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் நேவிகேஷன், கேட்க உதவும் கருவியை உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் எல்லாம் அன்றாடம் நடக்கும் இடங்கள் உண்டு. இலவச வார்டு, காப்பீட்டுத் திட்ட நோயாளிகள் என்று வைத்து பி.ஜி.க்களுக்கு நன்றாகச் சொல்லித்தரும் இடங்களும் உண்டு. உங்கள் சென்னை இடம் அப்படிப்பட்டது என்று அங்கே படிப்பவர்களே சொன்னால் தைரியமாக எடுங்கள். இல்லையென்றால் தொலைவைப் பார்க்காமல் அரசுக் கல்லூரிக்குப் போங்கள் என்பேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதல் வருடம் பெரும்பாலும் ஓ.பி., வார்டு, டியூட்டி என்றே ஓடிவிடும். ட்யூனிங் ஃபோர்க்கும் ஹெட் மிரரும் அப்போதே கைக்கு வந்துவிட வேண்டும். நல்ல இடத்தில் படித்து முடிப்பவர் டான்சில், அடினாய்டு, மூக்கின் நடுச்சுவரைச் சீராக்கும் செப்டோபிளாஸ்டி, டிரக்கியாஸ்டமி, எளிய சைனஸ் சர்ஜரி, செவிப்பறை ஓட்டை அடைப்பது, மாஸ்டாய்டு சர்ஜரியில் எளியதான கார்டிக்கல் மாஸ்டாய்டு ஆகியவற்றைத் தனியாகச் செய்யலாம். நடுக்காதின் சிறு எலும்பான ஸ்டேப்பிஸில் செய்யும் சர்ஜரி, காக்ளியர் இம்ப்ளான்ட், மண்டையோட்டு அடித்தளச் சர்ஜரி ஆகியவற்றை மூன்று வருடத்தில் எதிர்பார்க்காதீர்கள். அவற்றைக் கற்க, படிப்பு முடிந்த பிறகும் சில வருடம் சீனியர் ஒருவரின் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும்.

ஃபெலோஷிப் கட்டாயமில்லை. மாவட்டத் தலைநகரில் பொது இ.என்.டி. பார்க்கப் போகிறவருக்கு, ஓரிரு வருடம் கேஸ் நிறைய வரும் இடத்தில் சீனியர் ரெசிடென்ட்டாக இருப்பதே அதிகம் உதவும். காது, மூக்கு, குரல் என்று ஏதாவது ஒன்றில் மனசு ஒட்டிவிட்டால் அதில் ஃபெலோஷிப் போகலாம். தலை-கழுத்துப் புற்றுநோய் என்றால் சர்ஜரியில் உயர் சிறப்புப் பட்டமான எம்.சிஎச். வரை வழி இருக்கிறது, அதற்கு நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆனால் எதில் ஒட்டும் என்பது இரண்டாம் வருடத்துக்கு முன் தெரியாது, இப்போதே அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் இரண்டு இடத்துக்கும் நேரில் போய்வாருங்கள். ஆபரேஷன் நாளில் போய், தியேட்டர் முடிந்து வெளியே வரும் மூன்றாம் வருட பி.ஜி.யிடம், இந்த வருடம் நீங்களே செய்த மாஸ்டாய்டுகள் எத்தனை என்று கேளுங்கள். அசிஸ்ட் செய்தவற்றைச் சேர்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.