மலிவு எல்இடி டார்ச் முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடத்திலேயே மங்குவது ஏன்?

பெரும்பாலும் சூடுதான் காரணம்: எல்இடி சூடேறச் சூடேற வெளிச்சம் குறையும். கான்வாய் எஸ்2+ மாதிரி கையடக்க டார்ச்சில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 7135 சிப் எட்டு இருந்தால், தலைக்கு 350 மில்லிஆம்பியர் வீதம் 2.8 ஆம்பியர் எல்இடிக்குப் போகும். கிட்டத்தட்ட 10 வாட். அதில் பாதிக்கு மேல் வெறும் வெப்பம்.

என்னிடமிருந்த வேறொரு மலிவு டார்ச்சைப் பிரித்தேன். எல்இடி பலகைக்கு அடியில் வெப்பம் கடத்தும் பசை (தெர்மல் பேஸ்ட்) கடுகளவுதான் இருந்தது. துடைத்துவிட்டு தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி இறுக்கினேன். இப்போது டார்ச்சின் உடம்பு முன்பைவிடச் சீக்கிரம் சுடுகிறது. பயப்படாதீர்கள், அது நல்லதுதான்: எல்இடியின் சூடு வெளியே வருகிறது.

அப்புறம் பேட்டரி. மின்னோட்டத்தைச் சீராக்கும் சிப் இல்லாத டார்ச்சில், பேட்டரி 4.2 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க வெளிச்சமும் குறையும். 9900 mAh (மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) என்று அச்சடித்த 18650 அளவு லித்தியம் பேட்டரியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த அளவு செல்லில் 4000 எட்டுவதே அரிது.