85பி பில்டர் போட்டும் மலையில் எடுத்த டங்ஸ்டன் ஸ்லைடுகள் ஏன் நீலமாக வருகின்றன?

கொடைக்கானலில் மர நிழலில் நின்றவர்களை விளக்கொளிக்கென்றே செய்த டங்ஸ்டன் ஸ்லைடு பிலிமில், பகலொளியின் நீலத்தைக் குறைக்கும் ஆரஞ்சு நிற 85பி பில்டர் மாட்டி எடுத்தும் முகங்கள் நீலம் பாய்ந்திருப்பதாகவும், பில்டர் போலியோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பில்டரைச் சந்தேகிக்கும் முன் நிழலைச் சந்தேகியுங்கள்.

எனக்கும் இது நேர்ந்தது. குன்னூரில் ஒரு விடுதியின் அறைகளை ஹாலஜன் விளக்கொளியில் எடுத்தபின் கேமராவில் மிஞ்சிய ஏழெட்டுப் படங்களை, மறுநாள் காலை கோத்தகிரிச் சாலையில் தேயிலைச் சரிவின் நிழலில், பில்டரே இல்லாமல் எடுத்து முடித்தேன். தேயிலை மைக்கூட்டில் தோய்த்தெடுத்ததுபோல் வந்தது. கழுவிக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போய், அவர் சுருளின் உறையைத் திருப்பி, ‘டங்ஸ்டன்’ என்றிருந்ததைக் காட்டியதும் பேசாமல் திரும்பினேன்.

விளக்கொளியில் நீலம் மிகக் குறைவு என்பதால், அந்த ஒளியின் 3200 கெல்வினுக்கான (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக்கூட நீலம் கூடும்) பிலிமில் நீலத்தை உணரும் அடுக்கைக் கூடுதல் வேகமுடையதாகச் செய்கிறார்கள். அதே அடுக்கில் பகலொளி பட்டால் நீலம் மிகையாகப் பதிகிறது. நம் கண் எந்த ஒளிக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டு வெள்ளையை வெள்ளையாகவே காட்டுவதால், எடுக்கும்போது இது தெரிவதில்லை.

பில்டர் கணக்கைக் கெல்வினில் போடாமல் மைரெடில் போட வேண்டும். பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் கிடைப்பது மைரெட். 3200 கெல்வின் என்பது 312, நடுப்பகல் வெயிலான 5500 கெல்வின் 182, இடைவெளி 130. அதைத்தான் 85பி ஈடுசெய்கிறது. ஆனால் வானம் தெளிந்த நாளில், வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம் மட்டுமே. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து அந்த நீலம் இன்னும் அடர்கிறது. அங்கே 8000 கெல்வின் என்று வைத்தால் 125 மைரெட், இடைவெளி 187. 85பி போக 57 மைரெட் நீலம் அப்படியே நிற்கிறது, உங்கள் ஸ்லைடில் தெரிவதும் அதுவே. ஏறத்தாழ 52 மைரெட் தரும் 81இஎஃப் என்ற வெளிர்மஞ்சள் பில்டரை அதன்மேல் சேர்த்தால் பெரும்பகுதி தீரும். பில்டர் ஒவ்வொன்றும் முக்கால் ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) சற்றுக் குறைவாக ஒளியைத் தின்பதால், 64 வேகப் பிலிம் 25 வேகப் பிலிம்போல் ஆகிவிடும். முக்காலி இல்லாமல் முயல வேண்டாம். யூகலிப்டஸ் இலைகளின் ஊடே வரும் பச்சைச் சாயலை இந்த இரண்டும் நீக்கா, அதற்கு மெஜந்தா பில்டர் தனியாக வேண்டும்.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுப் பழகிய காலத்தில் இந்தத் தலைவலியே இருந்ததில்லை.

நான் பில்டரைக் கழற்றிவிடும் நேரம் ஒன்று உண்டு. மாலை ஆறரைக்கு மூடுபனி இறங்கி, டீக்கடையில் குண்டு பல்பு எரியும்போது, டங்ஸ்டன் பிலிம் கடைக்காரரின் முகத்தை லேசான மஞ்சளோடு இயல்பாகவும், வெளியே நிற்கும் பனியை நீலமாகவும் பதிவுசெய்கிறது.