உல்யுகாயேவ் வழக்கை 2014-இலிருந்து படியுங்கள்

வணக்கம். ரஷ்யாவின் அப்போதைய பொருளாதார அமைச்சர் உல்யுகாயேவின் கைது ஊழல் வழக்கா, அதிகாரச் சண்டையா என்பது பிடிபடாமல் உங்கள் கட்டுரை பாதியில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். 2014-க்குப் போங்கள். அந்த செப்டம்பரில் தொழிலதிபர் எவ்துஷென்கோவ் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவருடைய பாஷ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனம் அரசின் கைக்குப் போனது. 2016 அக்டோபரில் அதை அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் வாங்கியது. அது வாங்குவதை முதலில் ஆதரிக்காதவர் இதே உல்யுகாயேவ்தான்.

அடுத்த மாதமே, ரோஸ்நெஃப்ட் தலைவர் சேச்சின் கொடுத்த பையோடு அவர் பிடிபட்டார். உள்ளே 20 லட்சம் டாலர்; லஞ்சம் என்றது அரசுத் தரப்பு. நல்ல ஒயின் என்று நினைத்தேன் என்றார் அமைச்சர். முக்கியமான இடம் இதுதான்: விசாரணை நீதிமன்றம் நான்கு முறை அழைத்தும் சேச்சின் சாட்சி சொல்ல வரவில்லை. அப்படியும் 2017 டிசம்பரில் உல்யுகாயேவுக்கு 8 ஆண்டு சிறை. என்னை ரொம்பவே உறுத்துவது இதுதான். கட்டுரையின் நடுவில் இதை வையுங்கள்.