எந்த வண்டியை முதலில் பிரிப்பது?

கேள்வி: கொட்டகையில் புதுப்பிக்க வேண்டிய பழைய ஜீப் ரக வண்டிகள் மூன்று நிற்கின்றன. 1962 லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ: ஓடுகிறது, சேஸிஸ் துரு. 1977 டொயோட்டா எஃப்ஜே40: பாடி நன்றாக இருக்கிறது, எஞ்சின் இறுகிவிட்டது. வில்லிஸ் சிஜே-3பி: முந்தைய சொந்தக்காரர் பாதி பிரித்து நான்கு பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார். ஓடுகிற வண்டியில் ஆரம்பிப்பதுதானே முறை?

பதில்: இல்லை. எஃப்ஜே40-ல் ஆரம்பியுங்கள்.

எஞ்சின் இறுகிவிட்டது என்றதும் எல்லோரும் அலறுகிறார்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எங்கோ ஒரு வால்வு திறந்தபடி இருந்திருக்கும். அந்த வழியாக ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 30 மில்லி ஊற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒரு வாரம், நடுவில் ஒருமுறை மறுபடி ஊற்றி, காத்திருங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். நூலளவு அசைந்தால் போதும், மீதி தானாக வரும். ஸ்டார்ட்டரால் சுற்றுவது, கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பது இரண்டும் வேண்டாம். ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

சுற்றியதும், மிச்சத் திரவம் வெளியேற பிளக் இல்லாமலே சில சுற்று விட்டு, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அந்த வண்டியில் இருப்பது 4.2 லிட்டர் 2எஃப் எஞ்சின். வார்ப்பிரும்பு, ஆறு சிலிண்டர், ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) தாங்கும். எஞ்சின் போக, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பாடி மூலைகள், கண்ணாடிச் சட்டத்தின் அடி, கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாய் மூன்றிலும் துரு பாருங்கள். முன் சக்கர உள்பக்கம் கிரீஸும் ஆயிலும் கலந்து கஞ்சியாக வழிந்தால் உள் ஆக்ஸில் சீல் போயிற்று. பிரேக் வேலைக்காக ஹப்பைக் கழற்றும்போதே அதையும் முடித்துவிடலாம்.

லேண்ட் ரோவர் இரண்டாவது. அதற்குத் துத்தநாகம் பூசிய புதுச் சேஸிஸே கிடைக்கிறது. ஆனால் அதை மாற்றுவதற்கு மொத்த வண்டியையும் பிரிக்க வேண்டும், கை பழகாமல் அதில் இறங்காதீர்கள். வில்லிஸ் கடைசி. இன்னொருவர் பிரித்த வண்டியில் எது இல்லை என்பது கடைசி போல்ட் போடும்போதுதான் தெரியும். இப்போதைக்குப் பாகப் பட்டியலை வைத்துப் பெட்டிகளை எண்ணி முடியுங்கள். முக்கியமாக டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஷிம்கள், அதாவது இடைவெளியைச் சரிக்கட்டும் தகடுகள். காகிதம் போல மெலிசாக இருக்கும், குப்பை என்று வீசியிருப்பார்கள்.

கேள்வி: பட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்கக் காந்தம் கொண்டுபோனேன். லேண்ட் ரோவர் பாடியில் ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. முழுக்கப் பட்டியா? முன்பணத்தைத் திரும்பக் கேட்கட்டுமா?

பதில்: அது அலுமினியம் ஐயா. கண்ணாடிக்குக் கீழே குறுக்கே நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. காந்தத்தை அங்கே, கால் வைக்கும் பள்ளத்திலும் கதவுக் கீல் தூணிலும் வையுங்கள். அங்கேயும் ஒட்டாவிட்டால் முன்பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வண்டி. ஒன்றின் சேஸிஸ் பழையது, மேல்துரு தெரிகிறது. மற்றது அடி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்துப் பளபளக்கிறது. இரண்டாவதையே முதலில் முடித்துவிடலாம் என்று…

பதில்: இந்தக் கறுப்பைப் பற்றி எத்தனை முறை எழுதுவது? அதைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுத்தவர்களில் இந்தப் பதிலை எழுதுபவனும் ஒருவன், அதுவும் இரண்டு முறை.

பழைய சேஸிஸ் பல வண்டிகளில் பெட்டிபோல் மூடியது. லேண்ட் ரோவரில் நான்கு தகட்டைச் சேர்த்து வெல்டிங் செய்திருப்பார்கள். சேறு உள்ளே போய், வடிகால் துளை அடைத்து, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது தகடு காகிதமாகியிருக்கும். அதன்மேல் தார் பூசினால் சில மாதம் அழகாக இருக்கும். பிறகு தார் இறுகி வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கியது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பூசாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு வேகமாக அரிக்காது. விற்பவருக்கு அந்தச் சில மாதம் போதும்.

உருண்டைத் தலைச் சுத்தியலால் அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், அரித்தது பொத்தென்னும். பொத்தென்ற இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். உரிமையாளர் தடுத்தால் அதுவே பதில். பின் குறுக்குச் சட்டம், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள், பக்கவாட்டு அவுட்ரிகர்கள் (சேஸிஸிலிருந்து வெளியே நீண்டு பாடியைத் தாங்கும் கைகள்), இவைதாம் முதலில் போகும். தகட்டின்மேல் தகடு வைத்து ஒட்டியிருந்தால் அது பழுதுபார்த்ததே இல்லை, நடுவில் துரு தொடர்ந்து தின்னும். பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டி, அதே கனத் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். கடைசியாக, ஸ்பிரிங் தாங்கிகளுக்கு இடையே மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ மோதி வளைந்த சேஸிஸ்.

மேல்துரு தெரிகிற வண்டி பொய் சொல்லவில்லை. அதையே முதலில் எடுங்கள்.

கேள்வி: பெயிண்ட் முதலில் அடித்துவிட்டால் வேலையில் உற்சாகம் வருமே?

பதில்: அடித்த பெயிண்டில் வெல்டிங் பொறி விழும்போது அந்த உற்சாகம் போய்விடும். பிரேக், ஸ்டீயரிங், சேஸிஸ், எஞ்சின், ஒயரிங். பெயிண்ட் அதற்கப்புறம்.

கேள்வி: படம் பார்த்தே இரண்டு வண்டி வாங்கினேன், விலை சல்லிசு. இரண்டுக்கும் பேப்பர் இல்லை. ஒன்றில் சேஸிஸ் எண்ணும் தெரியவில்லை. எதை முதலில்…

பதில்: எதையும் அல்ல. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் பேப்பரைத் தேடுங்கள். எண் தேய்ந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். கிரைண்டர் வைத்த தடம் தெரிந்தால் அது துரு தின்ற எண் அல்ல. போலீஸுக்குச் சொல்வதுதான் வழி. நேரில் போய் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்த்துத்தான் வாங்கினேன். வீடு வந்து சேர்ந்த வண்டியில் கியர் பாக்ஸ் வேறு, கார்புரேட்டர் வேறு. விற்றவர் "இதுதான் இருந்தது" என்கிறார்.

பதில்: உங்கள்மீது தவறில்லை, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறீர்கள். பார்க்கப் போன அன்று எடுத்த படங்களைத் தேடுங்கள். கியர் பாக்ஸ் உறையின் வார்ப்பு எண், போல்ட் தலையின் அழுக்கு, ஆயில் கசிந்த தடம் எல்லாம் சாட்சி. தேதியுள்ள அந்தப் படங்களோடு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். அது முடியும்வரை வந்த பாகங்களைக் கழற்றாதீர்கள், கழற்றினால் "நீதான் மாற்றினாய்" என்பார். வாங்கப் போகும் மற்றவர்களும் எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எண்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. பக்கத்தில் 2309 என்று போட்டிருக்கிறது. டயர் செலவு மிச்சம்தானே?

பதில்: 2009-ன் 23-வது வாரம். தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: முதலில் முடித்த வண்டியை ஃபோர் வீலில் போட்டுத் தார் ரோட்டில் திருப்பினால் இறுக்கிப் பிடிக்கிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: பிரிக்க வேண்டாம். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டும்; தாரில் வழுக்காது, அதனால் முறுக்கு ஏறி லீவரைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து நாலைந்து அடி பின்னால் ஓட்டுங்கள், லீவர் தானே விடும். நேர் ரோட்டிலும் பிடித்தால் நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். மெக்கானிக் ஏற்கெனவே பிரித்திருந்தால், ஷிம்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.